பின்சீட்டில் இருந்தவள் எழுதுகிறேன்

மகன்,

நீ உன் பைக் குழுவில் எழுதியதை வாசித்துவிட்டேன். நீ எனக்குக் காட்டவில்லை, தர்ஷினிதான் காட்டினாள். அடுத்த மாதம் உன் மனைவியாகப் போகிறவள், கொட்டாஞ்சேனையிலிருந்து தன் ஸ்கூட்டரில் வந்து, என் சமையலறையில் நின்றபடி ஃபோனை நீட்டி, "ஆன்ட்டி, இது உண்மையா?" என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவை வாசித்தேன். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது. இந்தக் கடிதத்தை உன் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கலாம். வைக்கமாட்டேன். ஊரறியச் சொன்னதற்கு ஊரறியத்தான் பதில். நீ எழுதிய அதே குழுவில் இதைப் போடச் சொல்லி அவளிடமே கொடுக்கப்போகிறேன். உன் சிநேகிதர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். அவர்களுக்கும் அம்மாமார் இருப்பார்கள்.

நீ எழுதியதை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். வளைவுகளில் தண்டவாளத்தில் போவது போலப் போகிறதாம். தூரப் பயணத்துக்குச் சோபாவில் இருப்பது போல இருக்கிறதாம். பின்னால் இருப்பவருக்கும் முழு வசதியாம், அம்மாவை ஏற்றிக்கொண்டு ஹட்டன் வரை போனாயாம், அம்மா ஒரு குறையும் சொல்லவில்லையாம். ஒரே ஒரு பிரச்சினை, மெதுவாகப் போகும்போது லேசாக இடப்பக்கம் இழுக்கிறதாம், அதோடு "பின்னால் இருப்பவர் அசைந்தால் பேலன்ஸ் போய்விடும், கவனம்" என்று உலகத்துக்கு ஒரு புத்திமதியும் சொல்லியிருக்கிறாய். அதற்குக் கீழே எத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர் அம்மாவுக்கு ஒரு சல்யூட் என்று போட்டிருக்கிறார். மகன், ஒரு குறையும் சொல்லவில்லை என்பதும் ஒரு குறையும் இல்லை என்பதும் ஒன்றா? என் இடுப்பில் அடிபட்ட பச்சை நிறம் இன்னும் மாறவில்லை. நீயோ சோபா என்று எழுதுகிறாய். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஃபோனைப் பருப்புச் சட்டிக்குள் போட்டிருப்பேன், அது தர்ஷினியுடையது என்பதால் விட்டேன்.

உன் பைக்கின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. இதை எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன். வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த அத்தனை வருடமும், யாராவது விற்கிறார்களா என்று நீ தேடித் திரிந்ததை நான்தான் பார்த்தேன். அது கிடைத்த அன்று, நம் ஃபிளாட்டின் கார் பார்க்கில் நீ அதைச் சுற்றிச் சுற்றி நடந்தபோது, பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளையின் முகம் உனக்கு இருந்தது. பெரிய கண்ணாடி, உயரமான சீட், இரண்டு பக்கமும் பெட்டி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், காக்கையின் குஞ்சு வைத்திருக்கும் பைக்கும் பொன்தான். கோயிலில் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தபோது ஐயருக்கு முன்னால் நின்று கும்பிட்டவள் நான். அன்று வீட்டுக்கு உன் பின்னால்தான் வந்தேன். அன்றைக்கே நீ சொன்னாய், "என்னமோ இடப்பக்கம் இழுக்குதம்மா" என்று.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய கூத்து. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போவாய், திரும்பி வந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்ப்பாய். கொட்டாஞ்சேனை கராஜுக்குக் கொண்டுபோவாய். அங்கே இருக்கும் மெக்கானிக் பாஸ் தனியாக ஏறி ஒரு சுற்று ஓடிவிட்டு, நேராகத்தான் போகிறது என்பார். நீ அவரோடு சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம் சண்டை பிடிப்பாய். முன் டயரை மாற்றினாய். ஸ்டியரிங் பெயாரிங்கை மாற்றினாய். பின் ஷொக் அப்சோபரை இறுக்கினாய், பிறகு தளர்த்தினாய். காலி வீதியின் மீது குற்றம் சொன்னாய், முன்பு வைத்திருந்தவன் எங்கேயோ அடித்திருப்பான் என்றாய், பாஸுக்கு வேலை தெரியாது என்றாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த நீ, ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பிப் பின்னால் இருப்பவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் பார்க்கவே இல்லை.

எப்படி இருந்தேன்? ஒருபக்கமாக இருந்தேன். நம் ஊரில் சேலை கட்டிய பெண் வேறு எப்படி இருப்பாள்? இரண்டு காலும் இடப்பக்கம், கையில் அர்ச்சனைப் பை, அதுவும் இடப்பக்கம். உன் அப்பாவின் பழைய இந்திய பைக்கில் அதற்கென்றே சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கார்ட் இருந்தது, காலை வைக்க ஒரு நீளப் பலகை இருந்தது. ஒருபக்கமாக இருப்பவளை நினைத்துச் செய்த வண்டி அது. உன்னுடையது ஜப்பான்காரன் இரண்டு பக்கமும் கால் போட்டு இருப்பவனுக்காகச் செய்தது. ஒரு காலைத்தான் மிதியில் வைக்கலாம், மற்றக் கால் அந்தரத்தில் தொங்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்டியின் மூலை கெண்டைக்காலில் இடிக்கும். சீட்டின் உயரத்துக்கு நான் ஏறுவதே ஒரு வித்தை. பிடிப்பதற்கு உன் தோள் மட்டும்தான், அதையும் இறுக்கிப் பிடித்தால் உனக்குக் கை வலிக்கும் என்பாய்.

இப்போது ஹட்டன் கதையை அதன் சரியான ரூபத்தில் எழுதுகிறேன். கல்யாணக் கார்டில் முதலாவதைத் தாய்மாமனுக்குக் கொடுக்க வேண்டும், வெற்றிலை பாக்கோடு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அது நம் வழக்கம். என் அண்ணன் ஹட்டனில். நான் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறுகிறேன் என்றேன். நீதான் கேட்கவில்லை. புது வண்டி இருக்கும்போது மாமாவின் வாசலில் ரயிலில் போய் இறங்குவதா என்றாய். சரி, அப்படியென்றால் நான் சல்வார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு வருகிறேன், சேலையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய் அங்கே கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா? லிஃப்டுக்கு முன்னால், மேல்மாடி டீச்சரும் அவருடைய கணவரும் நிற்கும்போதே சொன்னேன். நீ குரலைத் தாழ்த்தி, "அம்மா, கார்ட் குடுக்கப் போறம். சேலையைக் கட்டுங்கோ. இந்த வயசில ரெண்டு பக்கமும் காலைப் போட்டு இருந்தா ஆக்கள் என்ன நினைப்பினம்" என்றாய். ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்ட நீ, எலும்பு என்ன நினைக்கும் என்று யோசிக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு பட்டுச் சேலையைக் கட்டினேன். ஹெல்மட் நுழையவில்லை என்று கொண்டையையும் குலைத்தேன். நீ சொன்ன ஒரே வழிகாட்டல், "அசையாம இருங்கோ" என்பது.

அவிசாவளை வரை அசையாமல்தான் இருந்தேன். கித்துல்கல தாண்டும்போது எனக்கு இடது கால் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. நீ முன்னால் கதைத்துக்கொண்டே வந்தாய். காற்றில் பாதிதான் கேட்டது, ஆனால் எல்லாம் வண்டியைப் பற்றித்தான். கினிகத்தேனை ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் எதிரே பஸ் ஒன்று வந்தது, நீ பிரேக் அடித்தாய், நிற்பதற்குள் திரும்ப எடுத்தாய். நனைந்த சீட், பட்டுச் சேலை, அந்தரத்தில் ஒரு கால். நான் வழுக்கி இறங்கி, ஓரத்துச் சேற்றில் இருந்துவிட்டேன். மெதுவாகப் போனபடியால் உயிர் தப்பியது. முழங்கை சிராய்த்தது, இடுப்பில் கல் குத்தியது. மடியில் வெற்றிலைத் தட்டு, தலையில் ஹெல்மட், ரோட்டோரத்தில் நான். நீ எங்கே? நீ போய்க்கொண்டிருந்தாய், மகன். வளைவைத் தாண்டிக் கதைத்துக்கொண்டே போய்விட்டாய். ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் குடையோடு ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார். அவர் சிங்களத்தில் எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அன்று என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

நீ திரும்பி வந்தாய். முகம் வெளுத்துத்தான் வந்தாய், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது: "ஏனம்மா அசைஞ்சனீங்கள்? அசையாம இருங்கோ எண்டு சொன்னனான் தானே."

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. விழுந்ததற்காக அல்ல. எல்லோரும்தான் விழுகிறார்கள். விழுந்தவளிடம் வந்து விழுந்ததற்கு விளக்கம் கேட்டாயே, அதற்காக. இன்னும் வெட்கமான விஷயம், நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாம வழுக்கிருச்சு தம்பி, நீ டென்ஷனாகாத" என்றேன். திரும்பவும் அதே சீட்டில் அதே பக்கமாக ஏறினேன். அண்ணன் வீட்டு வாசலில் சேறு பூசிய பட்டோடு இறங்கியபோது, பஜாரில் கால் தடுக்கியது என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அண்ணன் வெற்றிலையை வாங்கிக்கொண்டு உன்னோடு வெளியே போய் வண்டியைப் பார்த்து நல்ல வண்டி என்று மெச்சினார். நான் உள்ளே குப்புறப் படுத்திருக்க, அண்ணி இடுப்புக்குத் தைலம் தேய்த்தாள். தேய்க்கிற கை நிறுத்தி நிறுத்தித் தேய்த்தது.

வரும்போது நான் பஸ்ஸில் வந்தேன், அண்ணி பிடிவாதமாக ஏற்றிவிட்டாள். நீ தனியாக வந்தாய். வீட்டுக்கு வந்ததும் நீ சந்தோஷமாகச் சொன்னதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். "அம்மா, வரேக்க ஒரு பக்கமும் இழுக்கேல்ல. புதுப் பெயாரிங் இப்பதான் செட் ஆகியிருக்கு." பெயாரிங் செட் ஆகிவிட்டதாம். அடுத்த வெள்ளிக்கிழமை என்னை ஏற்றியதும் பெயாரிங் திரும்பவும் கெட்டுப்போனது. அப்போதும் உனக்கு விளங்கவில்லை. இன்ஜினியரிங் படித்த பிள்ளை.

உன் அப்பாவை உயர்த்திப் பேசி உன்னை இறக்குவதாக நினைக்காதே. அவரும் என்னை ஒருபக்கமாகத்தான் இருத்தினார், அவரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. அவருடைய வண்டி ஒரு தகரப் பெட்டி. பம்பலப்பிட்டியில் ஏறினால் வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் பல் எல்லாம் ஆடும். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. குழி வந்தால் "குழி" என்பார். பம்ப் வந்தால் "பம்ப்" என்பார். பிரேக் அடிக்குமுன் "பிடி" என்பார். உன்னைப் பெட்ரோல் தாங்கியில் வைத்துக்கொண்டு போகும்போது நீயும் மழலையில் "குயி, குயி" என்று கத்துவாய், குழி இல்லாத இடத்திலும் கத்துவாய். அந்த வண்டியின் ஷொக் அப்சோபர் அவருடைய வாய்தான். அதற்குப் பெயர் அன்பு என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். உன் பைக்கில் எல்லாம் இருக்கிறது மகன். குழியை உனக்குக் காட்டாத அளவுக்கு நல்ல வண்டி. அதனாலோ என்னவோ, பின்னால் இருப்பவளுக்கும் குழி தெரியாது என்று நினைத்துவிட்டாய்.

இவ்வளவையும் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன், பழகிவிட்டது. தர்ஷினி விஷயத்தில்தான் விழுங்க முடியவில்லை. ஹட்டன் போய் வந்த கிழமை அவள் ஃபோன் எடுத்து, "ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்க, பின்னால எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. என் மகனின் வண்டியை விட்டுக்கொடுக்க மனமில்லை. கல்யாணம் முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார் என்று இலங்கையைச் சுற்றப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உறவுக்காரர் வீடுகளுக்குப் போகும் நாட்களில் சேலை கட்டி ஒருபக்கமாக இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. தானும் கொஞ்ச தூரம் ஓட்டுகிறேன் என்று அவள் கேட்டதற்கு நீ சிரித்தாய் என்பதும் தெரியாது. அவள் தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து களுபோவிலவுக்கு அந்த டிராஃபிக்குக்குள் ஸ்கூட்டர் ஓடி வேலைக்குப் போகிறவள். அவளுடைய அண்ணனின் கியர் பைக்கை இரவல் வாங்கித்தான் லைசன்ஸே எடுத்தாள். நீ சிரித்தாய். அவள் என்னிடம் ஃபோனை நீட்டி, இது உண்மையா என்று கேட்டபோது, நான் இன்னொரு தடவை "நல்லா இருந்துச்சு" என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருபது வருடம் கழித்து அவளும் யாருக்காவது அதே பதிலைச் சொல்லிக்கொண்டு தைலம் தேய்ப்பாள். என்னால் முடியாது. சேற்றிலிருந்து பெயாரிங் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "சாவி எங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

நீ வேலைக்குப் போயிருந்தாய். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான், அவளைக் குற்றம் சொல்லாதே. கார் பார்க்கில் முதலில் என்னை வழக்கம்போல ஒருபக்கமாக இருக்கச் சொன்னாள். ஒழுங்கைக்குள் மெதுவாக ஒரு தடவை போய் வந்தாள். "இழுக்குது ஆன்ட்டி, நல்லா இழுக்குது" என்றாள். பிறகு என்னை மேலே அனுப்பினாள். நான் காலையில் கடற்கரையில் நடக்கப் போகும்போது போடுகிற கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். காவலாளி எழுந்து நின்று பார்த்தார். மேல்மாடி டீச்சர் பல்கனியிலிருந்து பார்த்தார். பார்க்கட்டும். இரண்டு பக்கமும் கால் போட்டு, இரண்டு மிதியிலும் பாதம் வைத்து, அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மரைன் டிரைவில் ஏறிக் கொள்ளுப்பிட்டி வரை போனோம். ஒரு பக்கம் கடல், ரயில் ஒன்று எங்களோடு கூடவே வந்தது. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, மகன். நீ எழுதியது போலத் தண்டவாளத்தில் போவது போலத்தான் போனது. நல்ல வண்டி. உன் பாஸும் நல்ல பாஸ், அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல். பம்பலப்பிட்டிக்குக் கிட்ட அவள் தலையைக் கொஞ்சம் திருப்பி, "குழி, ஆன்ட்டி" என்றாள். உன் அப்பாவின் கதையை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஹெல்மட்டுக்குள் நான் அழுதேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு பின்னால் ஒரு ஆள் இருக்கிறது என்று யாரோ நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே இப்போது என் தீர்ப்பைக் கேள். சாவி என்னிடம் இருக்கிறது, தேடாதே. கல்யாணம் நடக்கும், அதில் எந்த மாற்றமும் இல்லை. தர்ஷினியும் அப்படித்தான் சொல்கிறாள், ஆனால் அதற்கு உனக்காக நான் அவளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இலங்கையைச் சுற்றுங்கள், சந்தோஷமாகச் சுற்றுங்கள். ஆனால் அவள் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள், முன்னாலா பின்னாலா என்பதையும் சேர்த்து. எந்த உறவுக்காரர் வாசலிலும் என் மருமகள் கால்சட்டையோடு வந்து இறங்கலாம். யாராவது ஏதாவது சொன்னால் என் நம்பரைக் கொடு.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை தர்ஷினி வருவாள். கல்யாணத்துக்கு வாங்கிய பட்டு வேட்டியை நான் அயர்ன் பண்ணி வைத்திருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கு. ஓடுவது அவள், பின்னால் இருப்பது நீ. ஒருபக்கமாக, இரண்டு காலும் இடப்பக்கம், மடியில் வெற்றிலைத் தட்டு. அவிசாவளை வரை போய் வாருங்கள், ஹட்டன் வரை வேண்டாம், எனக்கும் இரக்கம் உண்டு. திரும்பி வந்ததும் தைலப் போத்தல் மேசையில் இருக்கும். அதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, பின்சீட்டின் வசதியைப் பற்றி உன் குழுவில் திரும்பவும் எழுது.

வழி நெடுக ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அசையாமல் இரு.

அம்மா